எண்ணிக்கை போதுமா? நிர்வாகி வேட்பாளரின் பழைய தொகுப்புகளைப் படிக்கும் வழி

பிரிக்பீல்ட்ஸ் வாசகர், ஆகஸ்ட் 4

தமிழ் விக்கிப்பீடியாவில் யாராவது நிர்வாகி தரத்துக்கு நின்றால் நான் பார்ப்பது இரண்டுதான். முப்பதாயிரம் தொகுப்பு (திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்று) தாண்டியிருக்கிறாரா, நம்ம மலேசியாக்காரரா. இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஆதரவு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே லா? அதற்கு மேல் என்ன ஆராய்ச்சி?

ஆகஸ்ட் 4, இரவு

என் பதில்: அந்த முப்பதாயிரம் எதில் வந்தது? ஒரு கட்டுரைக்குப் பகுப்பு சேர்த்தால் அது ஒரு தொகுப்பு. ஒரே சொடுக்கில் பகுப்பு சேர்க்கும் ஹாட்கேட் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நூறைத் தாண்டிவிடலாம். அதே ஒரு மணி நேரம் மணல்தொட்டியில் (எழுதிப் பார்க்கும் சோதனைப் பக்கம்) எழுதி, கடைசியில் ஒரே தடவை கட்டுரையாகச் சேமிப்பவருக்குக் கணக்கில் ஒன்றிரண்டுதான் ஏறும்.

தொகுப்புப் புள்ளிவிவரம் காட்டும் எக்ஸ்டூல்ஸ் கருவியில் பயனர் பெயரைக் கொடுத்து, முதலில் பெயர்வெளிப் பங்கீட்டைப் (கட்டுரை, பேச்சு எனப் பக்க வகைவாரிக் கணக்கு) பாருங்கள். கட்டுரை வெளியில் 95 விழுக்காடு, பேச்சு வெளிகளில் ஒன்றோ இரண்டோ என்றால் அவர் நல்ல கட்டுரையாளராக இருக்கலாம். நிர்வாகியாக எப்படி நடப்பார் என்பதற்கு அதில் சான்று கிடையாது. நிர்வாகிக்குக் கூடுதலாகக் கிடைப்பவை பக்கத்தை நீக்குவது, பூட்டுவது, பயனரைத் தடுப்பது, நீக்கியதைப் பார்ப்பது, மீட்பது. கட்டுரை எழுத இதில் ஒன்றும் தேவையில்லை. ஆகவே இந்த வேலைகளை ஒட்டி அவர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்பதைத்தான் தேட வேண்டும்.

பயனர் பேச்சு வெளியில் எண் பெரிதாகத் தெரிந்தால் உடனே மகிழ வேண்டாம். புதியவர்களுக்கு வரவேற்பு வார்ப்புரு (முன்பே எழுதி வைத்த செய்தி) ஒட்டினாலும் அங்கேதான் ஏறும். பங்களிப்புகள் பக்கத்தில் அந்தப் பெயர்வெளியை மட்டும் வடிகட்டி ஐம்பது வரி கீழே ஓடவிடுங்கள். எல்லா வரியிலும் ஒரே பைட் அளவு வந்தால் அது வார்ப்புரு. அளவு மாறிக்கொண்டே இருந்தால் ஆள் பேசியிருக்கிறார்.

மாதவாரி வரைபடத்தில் போட்டிக் காலத்தைக் கழித்துப் பாருங்கள். 2018இலும் 2019–20இலும் வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டி நடந்தது. அந்த மாதங்களில் மட்டும் விண்ணைத் தொட்டு மற்ற மாதங்களில் ஒன்றுமில்லை என்றால், பரிசு இல்லாத வாரத்தில் விஷமத் தொகுப்பைத் துடைக்க வருவாரா என்று கேட்கலாம். வரைபடம் தெரியவில்லை என்றால் அதைக் குற்றமாக எடுக்காதீர்கள். எக்ஸ்டூல்ஸில் சில விவரங்கள் பயனரே அனுமதித்தால்தான் திறக்கும். அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 5

“சிறு தொகுப்பு 40 விழுக்காடு, அப்படியென்றால் ஒப்புக்குச் செய்கிறவர்” என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். எக்ஸ்டூல்ஸ் 20 பைட்டுக்குக் குறைந்ததைச் சிறிது என்றும் 1,000 பைட்டுக்கு மேற்பட்டதைப் பெரிது என்றும் பிரிக்கிறது. அதுவும் கடைசி 5,000 தொகுப்புகளை மட்டும் வைத்து. இந்த அளவு ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் அடிப்படை எழுத்துக்கு மூன்று, அதன்மேல் வரும் காலுக்கோ கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னொரு மூன்று. ‘மலேசியா’ என்ற ஒரே சொல் 21 பைட். அதை மட்டும் சேர்த்தவர் “சிறு தொகுப்பு” வரம்பைத் தாண்டிவிடுகிறார். நாற்பது சொல் கொண்ட ஒரு பத்தி எழுதினால் “பெரிய தொகுப்பு” ஆகிவிடும்.

மறுபக்கம், சந்திப்பிழை பார்த்து ஒரு ‘க்’ போட்டால் 6 பைட். பினாங்கு என்பதைப் பினாங் என்று மாற்றினால் கழித்தல் 6. முதலாவது பிழைதிருத்தம். இரண்டாவது ஒரு வாரம் சண்டை ஓடக்கூடிய விஷயம். அளவில் இரண்டும் ஒன்றுதான். எனவே பைட்டை நம்பி யாரையும் சோம்பேறி என்றோ உழைப்பாளி என்றோ சொல்ல முடியாது. வேறுபாட்டை (தொகுப்புக்கு முன்னும் பின்னும் இருந்ததை அருகருகே காட்டும் பக்கம்) திறந்து பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

ஆகஸ்ட் 5, மாலை

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாதம்: சென்னை தூங்கும் நேரத்தில் காவல் காக்க மலேசிய நிர்வாகி வேண்டும். அண்ணே, நமக்கும் சென்னைக்கும் இடைவெளி இரண்டரை மணி நேரம். கொழும்புக்கும் அதே. நாம் ஆறு மணிக்கு எழுந்தால் அங்கே மூன்றரை. இரவுக் காவலுக்குத்தான் ஆள் வேண்டுமென்றால் டொராண்டோவில் தேடுங்கள்.

எக்ஸ்டூல்ஸின் நேர அட்டை (எந்த நேரங்களில் தொகுக்கிறார் என்ற படம்) யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், எட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். தீபகற்பத்தில் 1981 முடியும்வரை ஏழரையைக் கூட்ட வேண்டியிருந்தது. ஏழரை என்று போட்டிருந்தால் நம்மவர் யாரும் தேர்தலில் நின்றிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 7

நீக்கல். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான்.

நீக்கப்பட்ட பக்கத்தின் உள்ளடக்கம் நமக்குத் தெரியாது. ஆனால் நீக்கல் பதிகை (நீக்கியவற்றின் பதிவேடு) எல்லாருக்கும் திறந்திருக்கிறது: தலைப்பு, யார் நீக்கினார், எப்போது, என்ன காரணம். வேட்பாளர் நீக்கச் சொன்ன பக்கங்களைக் கண்டுபிடிக்க அவருடைய பயனர் பேச்சுத் தொகுப்புகள் வழியாகப் போங்கள். பக்கத்தை உருவாக்கியவருக்கு அவர் விட்ட அறிவிப்புகளில் தலைப்பு இருக்கும். இருபத்தைந்து முப்பது தலைப்பு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதிகையைப் பாருங்கள். இணைப்பு சிவப்பாக (இப்போது பக்கம் இல்லை) இருப்பதை மட்டும் பார்த்து “இவர் சொன்னது சரி” என்று முடிவு கட்டாதீர்கள். வேறு காரணத்துக்காகப் பின்னால் நீக்கியிருக்கலாம். நீலமாக இருந்தால் “தவறு” என்றும் சொல்ல முடியாது. நீக்கியபின் வேறொருவர் ஒழுங்காகத் திரும்ப எழுதியிருக்கலாம். அவர் சொன்ன காரணமும் நீக்கியவர் எழுதிய காரணமும் பொருந்துகின்றனவா என்பதே கேள்வி.

பிழைத்துக்கொண்ட பக்கங்கள் இன்னும் நல்ல சான்று, வரலாறு முழுதாகத் தெரியும் என்பதால். பக்கம் உருவான நேரம், நீக்கல் வார்ப்புரு விழுந்த நேரம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர் 10.02க்கு முதல் பத்தியைச் சேமிக்கிறார், 10.04க்கு “குறிப்பிடத்தக்கமை இல்லை” (தனிக் கட்டுரைக்குத் தகுதியில்லை) விழுகிறது என்றால், அவர் இரண்டாவது பத்தியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தியாயிற்று. விளம்பரம், வசை, பிறரிடமிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது என்றால் இரண்டு நிமிடம்கூட அதிகம், சரி. ஆனால் கெடாவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் பற்றி மூன்று வரி எழுதியவருக்கு அந்த வேகம் தேவையில்லை. அந்தப் பள்ளிக்கு இணையத்தில் தமிழ்ச் சான்று இருக்காது, மலாயில் தேடினால் கிடைக்கலாம். வேட்பாளர் தேடினாரா? பேச்சுப் பக்கத்தில் “சான்று இருக்கிறதா?” என்று ஒரு வரியாவது கேட்டாரா? ஐந்தாறு இடத்தில் இதைப் பார்த்தாலே ஆளின் கை தெரிந்துவிடும்.

“நீக்கப்பட்ட தொகுப்புகள்” என்ற எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு பக்கத்தில் நீக்கல் வார்ப்புரு ஒட்டியதும் ஒரு தொகுப்பு. பக்கம் போகும்போது அதுவும் சேர்ந்து போகும். சுற்றுக்காவல் (புதிய பக்கங்களையும் மாற்றங்களையும் சோதிப்பது) பார்ப்பவருக்கு இந்த எண் இயல்பாகவே பெரிதாக இருக்கும். கவலைப்பட வேண்டியது, அவரே உருவாக்கிய பக்கங்களில் எத்தனை நீக்கப்பட்டன என்பது. எக்ஸ்டூல்ஸில் “உருவாக்கிய பக்கங்கள்” தனியாக இருக்கிறது. வழிமாற்றுகளை (வேறு தலைப்புக்கு அனுப்பும் பக்கங்கள்) கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 8

செராஸ் அக்கா கேட்கிறார், ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

யாராவது அவரை மறுத்த இடங்களை. 2020க்குப் பிறகு, மீளமைக்கப்பட்ட (பிறர் பழைய நிலைக்குத் திருப்பிய) தொகுப்புகளுக்கு, விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளே ஒரு குறிச்சொல் போடுகிறது. பங்களிப்புகள் பக்கத்தில் குறிச்சொல் வடிகட்டி இருக்கிறது. அதில் அதைத் தேர்ந்தால் வேட்பாளருடைய எந்தத் தொகுப்புகளைப் பிறர் திருப்பினார்கள் என்று வந்துவிடும். ஆனால் குறிச்சொல் இருந்தால் தவறு என்று பொருளில்லை. ஒருவர் நான்கு தொகுப்புக்கு முந்தைய நிலைக்குப் பக்கத்தைத் திருப்பினால் நடுவில் இருந்த நல்ல திருத்தத்துக்கும் அதே குறி விழும்.

அங்கிருந்து அடுத்த படி முக்கியம். திருப்பிய பிறகு அவர் என்ன செய்தார்? அந்தக் கட்டுரையின் வரலாற்றில் அடுத்த பத்து வரியைப் படியுங்கள். மறுபடியும் தம் பதிப்பையே போட்டாரா? தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதினாரா, வெறுமனே விட்டாரா? பேச்சுப் பக்கத்துக்குப் போனாரா? போய், அங்கே எதிராளி சொன்னதில் பாதியையாவது ஏற்றாரா? இதை இடத்தின் பெயர் எழுதும் முறையில் வந்த சச்சரவில் பார்த்தால் நன்றாகத் தெரியும். பினாங்கு–பினாங், ஜொகூர்–ஜோகூர், கிரந்தம் வேண்டும்–வேண்டாம். இவற்றில் எந்தப் பக்கம் நின்றார் என்பதை விட்டுவிடுங்கள், அது அவர் உரிமை. நாளை அதே சச்சரவில் அவர் கையில் பூட்டும் சாவியும் இருக்கும். தாம் கலந்துகொண்ட சண்டையில் பக்கத்தைத் தம் பதிப்போடு பூட்டக்கூடிய ஆளா?

ஒரு மணி நேரத்தில் இருபது மறுப்புகளைப் பார்க்கலாம். இருபதாயிரம் பகுப்புத் தொகுப்புகளைப் பார்ப்பதைவிட இது தேவலை.

ஆகஸ்ட் 8, நள்ளிரவு தாண்டி

அடுத்துப் பார்க்க வேண்டியது வேட்பாளருடைய சொந்தப் பேச்சுப் பக்கத்தின் வரலாறு. அங்கே 500 பைட்டுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ எண் தடித்துத் தெரியும். தடித்த கழித்தல் எண் வந்த இடத்தைத் திறங்கள். பரணுக்கு (பழைய உரையாடல்களைச் சேர்த்து வைக்கும் பக்கம்) நகர்த்தியிருந்தால் சரி. குறை சொன்ன பதிவை மட்டும் பரணில் சேர்க்காமல் துடைத்திருந்தால், அதுவும் பயனரின் உரிமைதான், ஆனால் பார்க்க வேண்டிய தகவல்.

ஆகஸ்ட் 10

ஈப்போ நண்பரின் கோபம் நியாயமானது. 2012இல் போட்ட சண்டையை இன்று இழுத்து வருவது அநியாயம் என்கிறார். முந்தாநாள் சொன்னதில் கால எல்லை போடவில்லை. இப்போது போடுகிறேன். கடைசி பதினெட்டு மாதம் எடைக்கு. அதற்கு முந்தையது ஒப்பீட்டுக்கு மட்டும். முதல் ஆண்டில் கத்தியவர் இப்போது நிதானமாகப் பேசுகிறார் என்றால் அது ஆதரவுக்கான காரணம். அப்போதும் இப்போதும் அதே சொற்களால் திட்டுகிறார் என்றால் ஆண்டு பார்க்கத் தேவையில்லை.

தடைப் பதிகையையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். ஒரு வரி இருந்தாலே கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எவ்வளவு காலம், யார் தடுத்தார், எப்போது நீக்கினார், நீக்கும்போது என்ன எழுதினார் என்று நான்கையும் படியுங்கள். கை தவறித் தடுத்து மூன்று நிமிடத்தில் எடுத்ததும் அந்தப் பட்டியலில் நிரந்தரமாகக் கிடக்கும்.

தமிழ் விக்கியோடு நிற்க வேண்டாம். உலகளாவிய கணக்குப் பக்கத்தில் அதே பயனருக்கு மற்ற விக்கிகளில் எத்தனை தொகுப்பு, எங்கேயாவது தடை இருக்கிறதா என்பது ஒரே அட்டவணையில் வரும். பொதுவகத்தில் (படங்களை ஏற்றும் விக்கிமீடியா தளம்) தடை என்றால் பெரும்பாலும் படங்களின் உரிமம். போய்ப் பார்த்தால் நாளிதழ்ப் படத்தை எடுத்து “சொந்தப் படைப்பு” என்று ஏற்றியிருப்பார். 600 படப்புள்ளி அகலம், கேமராத் தகவல் எதுவும் இல்லை, ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத் தரத்தில். பதிப்புரிமை புரியாதவர் மற்றவர் படங்களை நீக்குவதில் முடிவெடுக்கக் கூடாது. அறியாமல் செய்து, சொன்னபின் நிறுத்தியிருந்தால் வேறு கணக்கு.

ஆகஸ்ட் 11

“மொழிபெயர்ப்புக் கட்டுரை நிறைய இருந்தால் குறையா?” இல்லை. உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவி வழியாக வந்த பக்கத்துக்குக் குறிச்சொல் இருக்கும், வடிகட்டி ஐந்தைத் திறங்கள். தமிழ் தமிழாக இருக்கிறதா, சான்றுகள் உயிரோடு இருக்கின்றனவா, பிறகு திரும்பி வந்து திருத்தினாரா என்று மட்டும் பாருங்கள். 2009–10இல் கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டக் கட்டுரைகள் குவிந்தபோது பட்ட பாட்டைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணிக்கை ஏறியது, துடைக்கும் வேலையும் ஏறியது.

ஆகஸ்ட் 12

டத்தோக்கள் (மலேசியாவில் மரியாதைப் பட்டம் பெற்றவர்கள்).

நம் ஊர் வேட்பாளர் என்றால் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். உருவாக்கிய பக்கங்களில் தொழிலதிபர், உள்ளூர் அரசியல்வாதி, தனியார் நிறுவனம் எத்தனை? ஒவ்வொன்றும் ஒரே நாளில் முழுதாகப் பிறந்து, பட்டம் விருது எல்லாம் அணிந்து, பிறகு யாரும் தொடாமல் கிடக்கிறதா? வேறொருவர் குறை சேர்த்தால் வேட்பாளர் ஓடிவந்து எடுக்கிறாரா? விக்கிமீடியா பயன்பாட்டு விதிப்படி, பணம் பெற்றுத் தொகுத்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். 2014இலிருந்து அப்படி. வேட்பாளர் பக்கத்தில் நேராகக் கேளுங்கள்: “இந்தக் கட்டுரைகளுக்கு ஊதியம் பெற்றீர்களா?” கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கேட்கக் கூடாதது, அவருடைய உண்மைப் பெயர், வேலையிடம், முகநூல். பங்களிப்பில் இருப்பதை மட்டும் வைத்துப் பேசுங்கள். “இவரும் அவரும் ஒரே ஆள்” என்ற துப்பறியும் வேலையும் வேண்டாம். உறுதியான ஐயம் இருந்தால் பயனர் சோதனைக்கு (இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையதா என்று தொழில்நுட்பத் தரவை வைத்துப் பார்ப்பது) கோரிக்கை வையுங்கள். அந்தத் தரவு 90 நாள்தான் இருக்கும், ஆகவே தேர்தல் வரும்வரை பொத்தி வைத்திருந்தால் பயனில்லை.

ஆகஸ்ட் 13

வாட்ஸ்அப் குழுவில் “நம்மவருக்கு ஆதரவு போடுங்க” என்று செய்தி சுற்றுவதாக ஷா ஆலம் வாசகர் சொல்கிறார். அப்படி வந்த முப்பது ஆதரவில் காரணம் இருக்காது, “ஆதரவு, வாழ்த்துகள்” மட்டும். கணக்கு தொடங்கி ஒரு வாரம் ஆனவர்கள் வேறு. வேண்டுகோளை முடித்துவைக்கும் அதிகாரி இதைக் கவனிப்பார். வேட்பாளரைப் பொறுத்தவரை நான் பார்ப்பது, செய்தியை அவர் அனுப்பினாரா, வேறு யாரோ அனுப்பியதைத் தெரிந்தும் பேசாமல் இருந்தாரா. “குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தது, நான் கேட்கவில்லை” என்று அவரே வந்து எழுதினால் எனக்கு அது நூறு தொகுப்புக்குச் சமம்.

இரகசிய வாக்கெடுப்பு நமக்கும் வேண்டுமா என்ற கிளைக் கேள்விக்கு: ஆங்கில விக்கியில் பழைய முறையில் எல்லாரும் பெயரோடு எழுதுவார்கள். ஆதரவு 65 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் பொதுவாகத் தோல்வி, 75க்கு மேலே வெற்றி, நடுவில் அதிகாரிகளின் முடிவு. 2024 அக்டோபரில் இரகசிய வாக்கோடு தேர்தலாகச் சோதித்தார்கள், 70 விழுக்காடு வேண்டும். காரணம் எழுதாமல் எதிர்ப்பது எளிதாகிவிடும் என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 13, இரவு

மேலே எழுதியதை இன்னொரு தடவை யோசித்தால், நம்முடையது சின்ன சமூகம். எதிர்ப்பு எழுதியவரும் வேட்பாளரும் அடுத்த மாதம் ஒரே பயிலரங்கில் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதனால்தான் குறை தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். பெயரோடு நடக்கும் வாக்கெடுப்பில் எதிர்ப்பு குறைவாக இருப்பதை ஒப்புதல் என்று படிக்கக் கூடாது. வழக்கமாக எல்லா வேண்டுகோளிலும் கருத்து எழுதும் மூத்தவர்கள் இந்த ஒன்றில் மட்டும் காணாமல் போயிருந்தால், ஏன் என்று அவர்களின் பழைய உரையாடல்களில் தேடுங்கள்.

ஆகஸ்ட் 15

வேட்பாளர் அறிக்கையையும் தொகுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். “கருவிகளைச் சரிசெய்வேன், தளத்தின் நிரல்களை மேம்படுத்துவேன்” என்று எழுதியிருந்தால், அது நிர்வாகி வேலையே இல்லை. 2018இலிருந்து தளம் முழுதுக்குமான ஜாவாஸ்கிரிப்ட்டைத் தொட இடைமுக நிர்வாகி என்ற அணுக்கம் (கூடுதல் உரிமை) தனியாக வேண்டும். கேட்கும் பதவி எது என்றே பார்க்காமல் கேட்கிறார் என்று பொருள். “விஷமத் தொகுப்புகளைத் தடுப்பேன்” என்று எழுதியிருந்தால் அண்மைய மாற்றங்களில் அவர் மீளமைத்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். மீளமைத்தபின் அந்தப் பயனருக்கு எச்சரிக்கை விட்டாரா, மீளமைத்துவிட்டு நகர்ந்தாரா என்பது அங்கே தெரியும். எச்சரிக்கை விடாதவர் நாளை நேராகத் தடைக்குப் போவார்.

நீண்ட காலம் காணாமல் இருந்து திரும்பியவர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு ஆண்டு தொகுப்பும் இல்லை, நிர்வாகிச் செயலும் இல்லை என்றால் உலகளாவிய மறுஆய்வில் அணுக்கம் போகலாம். அப்படி இழந்தவர் திரும்பக் கேட்டால் பழைய புகழை ஒதுக்கிவிட்டு, வந்தபின் ஆறு மாதம் என்ன செய்தார் என்று மட்டும் பாருங்கள். விதிகள் மாறியிருக்கும்.

ஆகஸ்ட் 17

கடைசியாகப் பிரிக்பீல்ட்ஸ் வாசகருக்கு, கருத்தை எழுதும் முறை. ஆதரவோ எதிர்ப்போ, குறைந்தது மூன்று வேறுபாட்டு இணைப்பு. பக்கத்தின் இணைப்பு கொடுத்தால் நாளை மாறிவிடும், வரலாற்றிலிருந்து அந்தந்தப் பதிப்பின் நிரந்தர இணைப்பை எடுங்கள். “கடுமையாகப் பேசுபவர்” என்று எழுதாதீர்கள். “இந்தத் தேதியில் இந்தப் புதியவருக்கு இப்படி எழுதினார்” என்று எழுதுங்கள். ஒரே சம்பவத்தின் மூன்று தொகுப்பை மூன்று சான்றாக எண்ண வேண்டாம். வேட்பாளர் பதில் சொல்ல இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே போடுங்கள். கடைசி நாள் இரவில் போட்டால் அவர் பதில் சொல்லுமுன் வாக்கெடுப்பு மூடிவிடும், உங்கள் கருத்துக்கும் எடை இருக்காது. பதில் திருப்தியாக இருந்தால் உங்கள் பழைய வரியை அழிக்காமல் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதிக் கையொப்பமிடுங்கள்.